ஒரே பெயரில் மூன்று கார்கள்: ஏற்காட்டு ஏற்றத்தில் பி.எம்.டபிள்யூ எக்ஸ்1

சேலத்தில் பி.எம்.டபிள்யூ எக்ஸ்1 இப்போதெல்லாம் யாரையும் திரும்பிப் பார்க்க வைப்பதில்லை. செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரி, ஆத்தூர் பக்கத்து சேகோ ஆலைக்காரர், அஸ்தம்பட்டி டாக்டர் என்று பலருக்கும் முதல் சொகுசு கார் இதுதான். புதிதாக வாங்கினால் 50 லட்சத்தைத் தொடுகிறது. பத்து வருடம் ஓடியது என்றால் ஒரு புது இன்னோவாவின் விலையில் பாதிகூட ஆகாது. அதனால் ‘எக்ஸ்1 வாங்கலாமா?’ என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அவர்களிடம் திருப்பிக் கேட்க வேண்டியது, எந்த எக்ஸ்1 என்பதைத்தான். 2009-க்குப் பிறகு இந்தப் பெயரில் மூன்று தலைமுறைக் கார்கள் வந்துவிட்டன. முதல் காருக்கும் மற்ற இரண்டுக்கும் அடித்தளமே வேறு. மலை அடிவாரத்தில் குடியிருக்கும் நமக்கு அந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

வண்டியில் இருக்கும் எழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அதுவும் முடியாது. 2012 மாடல் எக்ஸ்1-இல் ‘எஸ்டிரைவ்’ என்று எழுதியிருந்தால் பின்சக்கரங்கள் வண்டியைத் தள்ளுகின்றன என்று அர்த்தம். 2017 மாடலில் அதே எழுத்து இருந்தால் முன்சக்கரங்கள் இழுக்கின்றன. இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் சக்தி போகிறது என்பதைத்தான் அந்த எழுத்து சொல்கிறது. எந்த இரண்டு என்று அது சொல்வதில்லை. செகண்ட் ஹேண்டில் விற்பவர்களுக்கே பல நேரம் இது தெரியாது.

முதல் எக்ஸ்1-இன் மாதிரி வடிவம் 2008 பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் வந்தது. அடுத்த வருடமே ஜெர்மனியின் லைப்சிக் ஆலையில் உற்பத்தி தொடங்கியது. நிறுவனத்துக்குள் அதன் குறியீடு ஈ84. பார்ப்பதற்குச் சின்ன எஸ்.யு.வி. மாதிரி இருந்தாலும், அடியில் இருந்தது அந்தக் காலத்து 3 சீரீஸ் ஸ்டேஷன் வேகன்தான். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம்கூட 3 சீரீஸில் உள்ள அதே 2,760 மில்லிமீட்டர். இன்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்திருந்தது. அதன் பின்னால் கியர்பாக்ஸ், அதிலிருந்து ஒரு நீளத் தண்டு பின்அச்சுக்கு. நம்ம ஊர் அம்பாசடர் முதல் சங்ககிரி லாரி வரை இதே அமைப்புதான். அதனால்தான் ஈ84-இன் பானெட் நீளமாகவும் கூரை தாழ்வாகவும் இருக்கும். வெளிநாட்டில் இந்தச் சின்ன வண்டிக்குள்ளேயே 258 குதிரைத்திறன் கொண்ட 3 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜினையும் வைத்துக் கொடுத்தார்கள். இந்தியாவுக்கு அது வரவில்லை. 2010 டிசம்பரில் நான்கு சிலிண்டர் பெட்ரோலும் டீசலும் வந்தன, ஷோரூம் விலை 22 லட்சத்தில் தொடங்கியது.

ஓட்டுபவருக்கு அது அருமையான வண்டி. பின்சீட்டில் உட்கார்ந்து சென்னைக்குப் போகிறவருக்கு அவ்வளவு அருமை இல்லை. கால் நீட்ட இடம் குறைவு, நடுவில் தண்டு போகும் மேடு, டிக்கி 420 லிட்டர்தான்.

அந்தச் சமயத்தில் நிறுவனத்துக்குள் ஓர் ஆய்வு நடந்தது. 1 சீரீஸ் சின்னக் காரும் அப்போது பின்சக்கர வண்டிதான். 2010-இல் தலைவராக இருந்த நோர்பெர்ட் ரைட்ஹோஃபர் முதலீட்டு ஆய்வாளர்களிடம் ஒரு தகவலைச் சொன்னார். 1 சீரீஸ் வைத்திருப்பவர்களில் 80 சதவீதம் பேர் தங்கள் காரை முன்சக்கர இழுவை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்களாம். பின்சக்கரம்தான் எங்கள் அடையாளம் என்று பல பத்தாண்டுகளாக மார்தட்டிய நிறுவனத்துக்கு இது சின்னச் செய்தி இல்லை. வாங்குபவர்களுக்கே தெரியாத ஒன்றுக்காக எதற்கு இடத்தையும் செலவையும் வீணாக்க வேண்டும் என்ற கேள்வி வருமல்லவா? வந்தது. 2014-இல் 2 சீரீஸ் ஆக்டிவ் டூரர் என்ற முதல் முன்சக்கர பி.எம்.டபிள்யூ வெளியானது. 2015-இல் இரண்டாம் தலைமுறை எக்ஸ்1-உம் அதே வழிக்கு வந்தது. பின்னால் வந்த மினி கன்ட்ரிமேனுக்கும் அடித்தளம் அதுதான்.

இன்ஜினைக் குறுக்குவாட்டில் திருப்பி, கியர்பாக்ஸை அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டால் முன்பக்கம் நிறைய இடம் மிச்சமாகும். அந்த இடத்தைப் பயணிகளுக்குக் கொடுத்துவிடலாம். எஃப்48 என்ற குறியீடு கொண்ட இரண்டாவது எக்ஸ்1, முதலாவதைவிட 15 மில்லிமீட்டர் நீளம் குறைவு. சக்கர இடைவெளியும் 90 மில்லிமீட்டர் குறைவு. அப்படியிருந்தும் உள்ளே இடம் கூடிவிட்டது, டிக்கி 505 லிட்டருக்குப் போய்விட்டது. உயரத்தையும் 53 மில்லிமீட்டர் கூட்டினார்கள். இப்போதுதான் அது நிஜமாகவே சின்ன எஸ்.யு.வி. போலத் தோன்ற ஆரம்பித்தது. 2016 டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் இந்தியாவுக்கு வந்தது. பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். என்னைக் கேட்டால், குடும்பத்தோடு போகிற வண்டிக்கு அது சரியான மாற்றம்தான்.

2022-இல் உலகச் சந்தைக்கும் 2023 ஜனவரியில் இந்தியாவுக்கும் வந்த மூன்றாவது எக்ஸ்1, யு11. இதன் பெட்ரோல் மாடலில் 1,499 சி.சி., மூன்று சிலிண்டர் இன்ஜின். ‘அரைக் கோடி கொடுத்து மூன்று சிலிண்டரா?’ என்று கேட்காதவர்கள் இல்லை. அந்தக் காலகட்டத்தில் பி.எம்.டபிள்யூ தன் இன்ஜின்களை ஒரே கணக்கில் வடிவமைத்தது. ஒரு சிலிண்டருக்குச் சுமார் 500 சி.சி. என்று வைத்து, மூன்று சேர்த்தால் 1.5 லிட்டர், நான்கு சேர்த்தால் 2 லிட்டர், ஆறு சேர்த்தால் 3 லிட்டர். இதே மூன்று சிலிண்டர் குடும்பத்தைச் சேர்ந்த இன்ஜின்தான் ஐ8 என்ற ஹைபிரிட் ஸ்போர்ட்ஸ் காரில் 231 குதிரைத்திறன் கொடுத்தது. எக்ஸ்1-இல் அதைச் சாதுவாக்கி 136 குதிரைத்திறனுக்கு வைத்திருக்கிறார்கள்.

சரி, ஏற்காட்டுக்கு வருவோம். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் தொடங்கும் மலைப்பாதை, 20 கொண்டை ஊசி வளைவுகளில் 1,200 மீட்டர் ஏறிவிடுகிறது. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. ஏற்காடு உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 14 சதவீதம் குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத இன்ஜின் அந்த அளவுக்குத் தன் பலத்தை இழக்கும்.

முதல் தலைமுறை எக்ஸ்1-இன் 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினில் டர்போ கிடையாது. 150 குதிரைத்திறன், 200 நியூட்டன்மீட்டர் முறுக்குவிசை, அதாவது சுழற்றித் தள்ளும் விசை. அந்த முழு விசையும் இன்ஜின் 3,600 சுற்றை எட்டும்போதுதான் வரும். யு11-இன் குட்டி இன்ஜினில் டர்போ இருக்கிறது. குதிரைத்திறன் குறைவு என்றாலும் 230 நியூட்டன்மீட்டர் விசை 1,500 சுற்றிலேயே வந்துவிடும். கொண்டை ஊசி வளைவில் வண்டி கிட்டத்தட்ட நின்று, திரும்பி, மறுபடி ஏற வேண்டும். அந்த இடத்தில் உச்சத்துக் குதிரைத்திறனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, கீழ்ச்சுற்றில் கிடைக்கும் முறுக்குவிசைதான் தூக்கிவிடும். பழைய பெட்ரோல் எக்ஸ்1 எட்டாவது, ஒன்பதாவது வளைவில் கியரைக் குறைத்துக் கத்திக்கொண்டு ஏறும்போது, மூன்று சிலிண்டர் வண்டி சத்தமில்லாமல் போய்விடுவதற்குக் காரணம் இதுதான். டீசல்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. முதல் தலைமுறையின் 20டி என்ற டீசல் மாடலிலேயே 350 நியூட்டன்மீட்டர் இருந்தது.

அடுத்து, முன்சக்கர வண்டி ஏற்றத்தில் வழுக்குமா என்ற பயம். ஏறும்போது எடை பின்னால் சாய்வதால் முன்சக்கரப் பிடிமானம் குறையும் என்பார்கள். தத்துவம் சரி, அளவைப் பார்க்க வேண்டும். 1,600 கிலோ வண்டி, 100 மீட்டருக்கு 8 மீட்டர் ஏறும் சரிவு, தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் எடையின் மையம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், முன்னிலிருந்து பின்னுக்கு மாறும் எடை 30 கிலோவைத் தாண்டாது. இன்ஜினும் கியர்பாக்ஸும் முன்சக்கரத்தின் மேலேயே இருப்பதால் அங்கே ஏற்கெனவே பாதிக்கு மேல் எடை இருக்கிறது. காய்ந்த ரோட்டில் இந்த 30 கிலோவால் ஒன்றும் ஆகாது.

சிக்கல் வருவது வளைவின் உள்பக்கச் சக்கரத்தில். திரும்பும்போது எடை வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போய்விடும், உள்பக்கம் லேசாகிவிடும். அதே நேரத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் லேசான சக்கரம் சும்மா சுற்றும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வளைவுக்குள் செம்மண்ணும் இலையும் படிந்திருக்கும்போது ‘கீச்’ என்ற சத்தத்தோடு கம்ப்யூட்டர் இன்ஜினை அடக்கிவிடுவதை முன்சக்கர எக்ஸ்1 ஓட்டுபவர்கள் பார்த்திருப்பார்கள். பின்சக்கர ஈ84-இல் ஸ்டியரிங் வேலை முன்னாலும் தள்ளும் வேலை பின்னாலும் பிரிந்திருப்பதால் வளைவை விட்டு வெளியேறுவது சுத்தமாக இருக்கும். ஆனால் ஈர ரோட்டில் ஆக்சிலேட்டரை அவசரமாக மிதித்தால் பின்பக்கம் விலகப் பார்க்கும். எது வந்தாலும் மருந்து ஒன்றுதான்: ஸ்டியரிங் நேராகிற வரைக்கும் காலை மெதுவாக வையுங்கள்.

நாலு சக்கர இழுவையான ‘எக்ஸ்டிரைவ்’ இருந்தால் கவலையில்லையே என்று தோன்றும். அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறது. ஈ84-இல் சாதாரணமாகவே சக்தியின் பெரும்பங்கு பின்சக்கரங்களுக்குத்தான் போகும். எஃப்48-இலிருந்து அது முன்சக்கர வண்டியாகத்தான் ஓடும். தேவைப்படும்போது மட்டும் ஒரு கிளட்ச் இறுகிப் பின்சக்கரங்களைச் சேர்த்துக்கொள்ளும். இங்கே யு11 பெட்ரோல், டீசல் இரண்டையும் முன்சக்கர இழுவையில்தான் அறிமுகம் செய்தார்கள். ஆக, நம் மலைப்பாதையில் ஏறுகிற புது எக்ஸ்1-களில் பெரும்பாலானவை, தோற்றம் எப்படியிருந்தாலும், ஸ்விஃப்ட் போலவே முன்சக்கரத்தால் இழுக்கப்படுபவைதான். அதில் குறை ஒன்றும் இல்லை. ஸ்விஃப்ட்டும் தினமும் ஏறிக்கொண்டுதானே இருக்கிறது?

யு11-இல் ஏழு கியர் இரட்டை கிளட்ச் பெட்டி இருக்கிறது. மே மாதக் கோடை விழா, மலர்க் கண்காட்சி நேரத்தில் மலைப்பாதையில் வண்டிகள் அட்டையாய் ஊரும். அப்போது பிரேக்கில் கால் வைக்காமல், ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தியே வண்டியைச் சரிவில் நிறுத்தி வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. உள்ளே கிளட்ச் தகடுகள் உரசி உரசிச் சூடாகும். காலை எடுத்தாலும் பிரேக்கைப் பிடித்து வைக்கும் ஆட்டோ ஹோல்டைப் போட்டுவிட்டு, முன்வண்டி நன்றாக நகர்ந்த பிறகு ஒரே மூச்சில் போவது நல்லது.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் எனக்கு அக்கறை அதிகம். ஏற்காட்டில் விபத்துப் பயம் என்பது பெரும்பாலும் இறக்கத்தில்தான். 1,600 கிலோ வண்டி 1,200 மீட்டர் இறங்கும்போது அதிலிருந்து வெளியேற வேண்டிய ஆற்றல் 5 யூனிட் மின்சாரத்துக்கு மேல். ஒன்றரை டன் ஏ.சி.யை மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டுகிற ஆற்றல் அது. டயர் உராய்வும் காற்றும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதியை இன்ஜின் ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் ஏற்க வேண்டும். எல்லாவற்றையும் பிரேக் தலையில் கட்டினால் தகடு சூடாகி, அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட்4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய நிலைக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சம் 155 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி உண்டாகும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அந்த ஆயிலை மாற்றச் சொல்வதன் காரணம் இது. சமவெளியில் மட்டும் ஓட்டுபவர் தள்ளிப்போட்டால் தப்பிவிடலாம். மாதம் ஒருமுறை ஏற்காடு போகிறவர் தள்ளிப்போடக் கூடாது. இறங்கும்போது தானியங்கி கியரை அதன் போக்கில் விடாமல் கீழ் கியரில் பிடித்து வைக்க வேண்டும். அதற்கான வழி மாடலுக்கு மாடல் மாறும், வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட்டு நில்லுங்கள், அது மலைப்பாதையின் விதி.

இதே கணக்கு மின்சார எக்ஸ்1-இல் தலைகீழாக மாறுவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 2025 ஜனவரியில் ஐஎக்ஸ்1 எனப்படும் அந்த மின்சார வண்டியின் நீட்டிய வடிவம் 49 லட்சம் ஷோரூம் விலையில் வந்தது. 66.4 யூனிட் பேட்டரி, 204 குதிரைத்திறன், இதுவும் முன்சக்கர இழுவை. எடையை இரண்டு டன் என்று வைத்துக்கொண்டால், ஏற்காட்டு உயரத்துக்கு வண்டியைத் தூக்க மட்டும் ஆறரை யூனிட் வேண்டும். பேட்டரியில் பத்தில் ஒரு பங்கு. சாதாரணமாக ஓட ஆகும் செலவு தனி. ஏறும்போது சதவீதம் மளமளவென்று இறங்குவதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, அதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடும், பிரேக்கும் குளிர்ந்தே இருக்கும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: மேலே ஹோட்டலில் பேட்டரியை 100 சதவீதம் நிரப்பிவிட்டு இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்தைப் போட்டு வைக்க இடம் இருக்காது. முதல் சில வளைவுகளில் வண்டி வழக்கம்போலத் தானாக வேகம் குறையாது, பிரேக்தான் வேலை செய்ய வேண்டும். 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டு கிளம்புங்கள், கொஞ்சத்தை மலை கொடுக்கும்.

நீட்டிய வடிவம் என்றேன். இந்தப் பழக்கம் சீனாவில் தொடங்கியது. டிரைவர் ஓட்ட, முதலாளி பின்னால் உட்காரும் வழக்கத்துக்காக எஃப்48 காலத்திலேயே அங்கே நீளமான எக்ஸ்1 விற்றார்கள். நம் ஊரிலும் அதே வழக்கம்தானே. இந்தியாவின் ஐஎக்ஸ்1-இல் சக்கர இடைவெளி 2,800 மில்லிமீட்டர், சாதாரண யு11-ஐவிட சுமார் 11 சென்டிமீட்டர் அதிகம். கொண்டை ஊசி வளைவில் இது இடிக்குமா? பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும் தூரம் ஐந்தாறு சென்டிமீட்டர் கூடும், அவ்வளவுதான். உள்பக்கக் கல்லை உரசாமல் ஓரடி தள்ளி எடுத்தால் போதும்.

மின்சார வண்டியும் பெட்ரோல் வண்டியும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வருவது எப்படி என்று பலருக்குச் சந்தேகம். முக்கியக் காரணம் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு மேல் நீளமான பெட்ரோல், டீசல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம், மின்சாரக் காருக்கு 5 சதவீதம். இன்னொன்று, அந்த நீட்டிய ஐஎக்ஸ்1 இங்கேயே தயாராகிறது. செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007-இலிருந்து இயங்கும் பி.எம்.டபிள்யூ ஆலையில்தான் முதல் தலைமுறை எக்ஸ்1-உம் பூட்டப்பட்டது. வெளிநாட்டிலிருந்து பாகங்களாக வந்து இங்கே சேர்க்கப்படும் வண்டிக்கு, முழுதாக இறக்குமதியாகும் வண்டியைவிட சுங்கவரி மிகக் குறைவு. 2023-இல் முழு இறக்குமதியாக வந்த ஐஎக்ஸ்1-இன் விலை 66.9 லட்சம். அதில் இரண்டு மோட்டார், 313 குதிரைத்திறன் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டாலும், வித்தியாசத்துக்குச் சுங்கமும் ஒரு முக்கியக் காரணம்.

பழைய எக்ஸ்1 வாங்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முதலில் டிக்கியின் அடித்தளத்தைத் தூக்கிப் பாருங்கள். பழைய பி.எம்.டபிள்யூக்கள் பலவற்றில் ஸ்டெப்னி கிடையாது, ரன்ஃபிளாட் டயர்தான். காற்று போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் 80 கிலோமீட்டர் தூரம் வரை ஓட்டலாம் என்பது அதன் வசதி. பக்கச்சுவர் தடிப்பாக இருப்பதால் குழியில் உடம்பு குலுங்குவது அதன் விலை. முந்தைய உரிமையாளர் அதைக் கழற்றிவிட்டுச் சாதா டயர் போட்டிருந்தால் சவாரி மெத்தென்று இருக்கும். ஆனால் ஸ்டெப்னியும் இல்லாமல் ரன்ஃபிளாட்டும் இல்லாமல் அரூர் ரோட்டில் ராத்திரி பஞ்சர் ஆனால் நிலைமை என்ன என்று யோசியுங்கள்.

முதல் தலைமுறை டீசல் என்றால் இன்ஜினின் டைமிங் செயினை விசாரிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். என்47 என்ற அந்த இன்ஜினில் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. தேய்ந்துபோனால் மாற்றுவதற்கு இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். செயினின் விலையைவிடக் கூலி பல மடங்கு ஆகும். உலகம் முழுக்க மெக்கானிக்குகள் அறிந்த பலவீனம் இது. பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் என்றால் வண்டி எங்கே ஓடியது என்று கேளுங்கள். ஐந்து ரோட்டுக்கும் புது பஸ் ஸ்டாண்டுக்கும் இடையிலேயே ஓடிய டீசலில் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை உளுந்தூர்பேட்டை ரோட்டில் நிதானமாக அரைமணி நேரம் ஓடிய வண்டி என்றால் அந்தப் பிரச்சினை குறைவு.

ஓட்டிப் பார்க்கும்போது நகரத்துக்குள் ஒரு சுற்று வந்துவிட்டுத் திருப்தியாகிவிட வேண்டாம். காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். செயின் தளர்ந்திருந்தால் பின்பக்கத்திலிருந்து கரகரவென்று சத்தம் வரும், சூடான பிறகு அது மறைந்துபோகலாம். அப்புறம் கோரிமேடு வழியாக அடிவாரம் தாண்டி நாலைந்து வளைவு ஏறுங்கள். மெக்கானிக்கையும் கூட அழைத்துப் போங்கள், பின்சீட்டில் வீட்டுப் பெரியவர் ஒருவர் உட்காரட்டும். இறங்கி வந்ததும் பிரேக் பெடல் முதலில் இருந்த உயரத்திலேயே நிற்கிறதா என்று காலால் பாருங்கள். விலை பேசுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.